லவ்ஜாயின் மீதிப் பக்கங்கள்: திருச்சபை வரலாறு கற்பிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இறையியல் கல்லூரிகளில் திருச்சபை வரலாறு சொல்லித்தரும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் இறையியல் படித்தவன் இல்லை, அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். போன மாதம் ஒரு சபைப் பத்திரிகைக்காக, அடிமைமுறையை எதிர்த்து எழுதிக் கொல்லப்பட்ட அமெரிக்கப் போதகர் எலைஜா லவ்ஜாய் பற்றிய கட்டுரை ஒன்று என் மேசைக்கு வந்தது. எழுதியவர் உங்களைப் போன்ற ஓர் ஆசிரியரிடம் படித்தவர், வகுப்புக் குறிப்பை வைத்துத்தான் எழுதியதாகச் சொன்னார். எழுத்துப் பிழை அதிகம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் போட்டு அனுப்பினேன்: "கத்தோலிக்கரைப் பற்றி லவ்ஜாய் எழுதியது எங்கே?" திரும்பி வந்த புரூஃபில் என் கேள்வியை அடித்துவிட்டு, பக்கத்திலேயே சிவப்பு மையில், "வேண்டாம். இரத்தசாட்சி" என்று எழுதியிருந்தது.

விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர், அதனால் கேள்வி வேண்டாம் என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லுக்குத்தான் இந்த மடல்.

கட்டுரையில் இருந்தது எதுவும் பொய்யில்லை. லவ்ஜாய், பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபைப் பிரிவின் போதகர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 'அப்சர்வர்' என்ற பத்திரிகையை நடத்தியவர். அடிமைமுறையை எதிர்த்து எழுதியதால் அங்கே இருக்க முடியாமல், மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில் இல்லினாய் மாநிலத்து ஆல்டனுக்குப் போனார். அங்கேயும் அச்சு இயந்திரத்தை உடைத்து ஆற்றில் போட்டார்கள், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. முதல் இயந்திரம் கரைக்கு வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் அதைத் தூக்கிக்கொண்டு போக அவர் மனம் ஒப்பவில்லை, துறையிலேயே விட்டுவைத்தார். விடிவதற்குள் அது ஆற்றில் கிடந்தது. நாலாவது இயந்திரத்தை ஒரு கிடங்கில் வைத்துக் காவல் காத்தபோது, 1837 நவம்பர் 7 இரவு கூட்டம் சூழ்ந்தது. கூரைக்குத் தீ வைக்க ஏணி சாத்தியவர்களைத் தடுக்க வெளியே வந்தவர் மேல் 5 குண்டுகள் பாய்ந்தன. இரண்டு நாள் கழித்து அடக்கம் செய்தார்கள். அன்று அவருக்கு 35-வது பிறந்தநாள்.

அச்சுத் தொழிலில் இருப்பவன் நான். இந்த மனிதர் மேல் எனக்கும் ஒட்டுதல் உண்டு. அதனால்தான் மீதியையும் கேட்கிறேன்.

அடிமைமுறையைப் பற்றி அவர் ஆரம்பத்தில் மென்மையாகத்தான் எழுதினார். படிப்படியாக ஒழியட்டும் என்ற கட்சிதான். அப்போதெல்லாம் அவர் பேனா சூடாக ஓடியது ரோமை, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையை, குறித்துத்தான். 1834 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கத்தோலிக்கப் பேராலயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அர்ச்சிக்கப்பட்டது. போர்வீரர் அணிவகுப்பும் பீரங்கி முழக்கமுமாக விழா நடந்தது. ஓய்வுநாளைக் கெடுத்தார்கள் என்று லவ்ஜாய் பொரிந்து தள்ளினார். (துறையில் இயந்திரத்தை விட்டுவைத்ததும் இதே பிடிவாதம்தான் என்பதைக் கவனியுங்கள்.) அதே வருடம் ஆகஸ்டில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் சார்ல்ஸ்டவுனில் ஒரு கன்னியர் மடத்தைக் கூட்டம் கூடிக் கொளுத்தியிருந்தது. தீ வைத்தவர்கள் புராட்டஸ்டன்ட் கூட்டம். அந்தக் காலத்தில் போப்பின் சதியைப் பற்றி எழுதுவது வெறும் மதத் தர்க்கமாக நிற்கவில்லை. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து இறங்கிய ஏழைகளுக்கு அமெரிக்காவில் இடம் உண்டா இல்லையா என்ற அரசியல் அது.

இந்த இரண்டு சண்டையும் ஒரே பக்கத்தில் கலந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1836 ஏப்ரல் 28 அன்று செயின்ட் லூயிஸில் பிரான்சிஸ் மெக்கின்டாஷ் என்ற படகுத் தொழிலாளியை, அடிமையாக இல்லாத கறுப்பினத்தவரை, கூட்டம் சிறையிலிருந்து இழுத்துவந்து மரத்தில் சங்கிலியால் கட்டி உயிரோடு எரித்தது. காவலர் ஒருவரைக் குத்திக் கொன்றதாக அவர் மேல் குற்றச்சாட்டு இருந்தது. வழக்கு விசாரணைக் குழுவுக்கு அறிவுரை சொன்ன நீதிபதியின் பெயர் லூக் லாலெஸ். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்குச் சட்டமில்லாதவர் என்று பொருள், கதை எழுதுகிறவன் வைத்திருந்தால் நம்பமாட்டோம். ஆயிரக்கணக்கானோர் கூடிச் செய்ததைச் சட்டம் தொட முடியாது என்றார் அவர். பழியையும் 'அப்சர்வர்' போன்ற ஏடுகள் மேல் திருப்பினார். ஒருவர் மீதும் வழக்கு இல்லை.

லவ்ஜாய் பதில் எழுதினார். கூட்டக் கொலைக்கு நீதிபதியே குடை பிடிக்கிறார் என்றது அத்தனையும் நியாயம். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. லாலெஸ் அயர்லாந்துக்காரர், கத்தோலிக்கர். அவர் பேச்சில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகளின் தந்திரம் தெரிகிறது என்று அதையும் சேர்த்து அடித்தார். எரிந்துபோன ஒரு மனிதனுக்காக நீதி கேட்கும் அதே பக்கத்தில், இன்னொருவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பது குற்றச்சாட்டாகிவிட்டது. அந்த ஏடு வெளிவந்த கையோடு அவர் அலுவலகத்தைச் சூறையாடினார்கள்.

இந்தப் பகுதியைச் சொன்னால் இரத்தசாட்சியின் பெயர் கெடும் என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குப் புரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆல்டனில் அவர் கேட்டது என்ன? நினைத்ததை எழுதி அச்சிட ஒரு குடிமகனுக்கு இருக்கும் உரிமை. தப்பில்லாத பேனாவுக்கு மட்டும் என்று அவர் கேட்கவில்லை. கத்தோலிக்கரைத் திட்டிய பக்கங்களை ஒளித்துவிட்டால், அந்த உரிமையின் பாதிக் கனம் போய்விடுகிறது. நல்லதையே எழுதிய நல்லவரைப் பொல்லாதவர்கள் சுட்டார்கள் என்று கதை குறுகிவிடுகிறது. பொல்லாதவர்கள் என்றும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. எழுதுவதை நிறுத்தச் சொல்லி 1835-ல் அவருக்கு மடல் அனுப்பிய ஊர்ப் பெரியவர்களில் ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகரும் கையெழுத்துப் போட்டிருந்தார். 1836-ல் பிட்ஸ்பர்கில் கூடிய அவர் சபையின் பொதுப் பேரவை அடிமைமுறை விவகாரத்தையே காலவரையின்றித் தள்ளிவைத்தது. கொலைக்குப் பிறகு 1838 ஜனவரியில் கிடங்கைத் தாக்கியவர்கள் மேலும் வழக்கு நடந்தது, காத்தவர்கள் மேலும் நடந்தது. ஒருவருக்கும் தண்டனை இல்லை.

இன்னொரு விட்டுப்போன வரியும் இருக்கிறது. செயின்ட் லூயிஸில் லவ்ஜாயின் அச்சகத்தில் ஓர் அடிமைப் பையன் வேலை பார்த்தான். சொந்த அடிமை இல்லை, எஜமானனுக்கு வாடகை கொடுத்து எடுத்த ஆள். வில்லியம் வெல்ஸ் பிரவுன் என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற எழுத்தாளர் அவர். 1834-ல் தப்பித்து, 1847-ல் தன் வாழ்க்கையை எழுதியபோது லவ்ஜாயை நல்ல மனிதர் என்றார். அடிமையாக இருந்த காலத்தில் தனக்குக் கிடைத்த கொஞ்சப் படிப்புக்கு அவரும் அந்த அச்சகமும்தான் காரணம் என்றும் எழுதினார். ஈய எழுத்துகளுக்கு நடுவே ஒரு பையன் எழுத்தைப் பொறுக்கிப் படித்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அவன் கூலி எஜமானன் கைக்குப் போனதும் உடனே நினைவுக்கு வருகிறது.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த தடவை லவ்ஜாய் பாடம் வரும்போது, ஆல்டன் சண்டையோடு லாலெஸுக்கு அவர் எழுதிய பதிலையும் முழுதாக வகுப்பில் வாசியுங்கள். பிரவுன் எழுதிய அந்தச் சில வரிகளையும் பக்கத்தில் வையுங்கள். மாணவர்கள் சண்டை போடட்டும்.

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது, என் கேள்வி இல்லாமல்தான். சிவப்பு மை பட்ட புரூஃப் தாளை மட்டும் தூக்கிப் போடவில்லை. உங்களில் யாருக்காவது வேண்டுமென்றால் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு புரூஃப் பார்ப்பவன்