மொய் நோட்டை அம்மா கையில் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

காலையில் தின்ற இட்லி அம்மாவுக்கு நினைவில்லை, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்த வீட்டுத் திண்ணை மட்டும் அச்சாக நினைவிருக்கிறது, இருக்கும்போதே எல்லாவற்றையும் பதிவு பண்ணிவிட வேண்டும், என்னென்ன கேள்விகள் கேட்கலாம் என்று எழுதியிருந்தாய். கேள்வியே வேண்டாம். எண்பது தாண்டியவரிடம் "உங்க சின்ன வயசு எப்படிம்மா இருந்துச்சு?" என்றால் "என்னத்தச் சொல்ல, கஷ்டந்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொருளைக் கையில் கொடு.

வீட்டில் மொய் நோட்டு இருக்கிறதா பார். பரணில் டிரங்குப் பெட்டி, அதில் பத்திரம், ஜாதகம், எல்லாவற்றுக்கும் அடியில் நூல் பிரிந்த ஒரு நோட்டு. கடலூர்ப் பக்கம் பல வீடுகளில் கிடைக்கும். பெயரையும் ஊரையும் தொகையையும் சேர்த்து நிதானமாக வாசி. நெல்லிக்குப்பம், இன்னார், 11 ரூபாய். பண்ருட்டி, இன்னார், 5 ரூபாய், ஒரு குத்துவிளக்கு. வாசித்ததும் வாயை மூடிக்கொள். அவர் எந்த வழியில் உறவு, ஏன் பதினொன்றோடு நிறுத்திக்கொண்டார், எந்தச் சாவுக்கு வராமல் போக்குவரத்து அறுந்தது என்பதெல்லாம் வெளியே வர அரை நிமிஷம்கூட ஆகும். அந்த அரை நிமிஷத்தைப் பொறுக்காமல் அடுத்த பெயருக்குப் போவதில்தான் பாதி பதிவுகள் கெடுகின்றன. ஒரு வேளைக்குப் பத்துப் பெயர் போதும்.

அடுத்தது பாத்திரம். பித்தளை அண்டா, எவர்சில்வர் தாம்பாளம் இவற்றின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். தேய்த்துத் தேய்த்து மழுங்கியிருந்தால் கொஞ்சம் விபூதியைத் தடவி, துணியால் மேலாக வழித்துவிடு. குழிகளில் வெள்ளை நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து படிக்க வரும். யார் சீர், எந்தக் கல்யாணம் என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

இங்கிலீஷ் வருஷம் கேட்டு அவரைத் திணறடிக்காதே. ஆதாரில் இருப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி. "சுபானு வருஷம் ஆவணி" என்றால் 1943 ஆகஸ்ட்டோ செப்டம்பரோ. வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும், ஆகவே குழப்பம் வராது. பிறந்தது புதுச்சேரி என்பதால் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவு இருக்கிறதா என்று நகராட்சியிலும் விசாரி. "வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன வருஷம்" என்று சொன்னால் அது 1954 நவம்பர் 1, சட்டப்படி கைமாறிய 1962 அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு குடும்ப வரலாற்றில் எட்டு வருஷம் தப்பாக எழுதியவர்கள் உண்டு.

சமையல் குறிப்பை வாயால் சொல்லக் கேட்டு எழுதாதே. "புளி எலுமிச்சம்பழ அளவு" என்பார். புளியை அவர் கையிலேயே கொடுத்து உருட்டச் சொல், தராசில் வை, கிராமைக் குறி. ஒரு கைப்பிடி மல்லி என்றால் அவர் கைப்பிடி, உன்னுடையது அல்ல. அள்ளியதைக் கிண்ணத்தில் வாங்கி நிறுத்துக்கொள். பலக் கணக்கில் சொன்னால் ஒரு பலம் 35 கிராம், ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு.

பதிவுக்குக் காலை பத்து, பதினொரு மணி நல்லது. குளித்து, சாப்பிட்டு, களைப்பு வராத நேரம். இருபது நிமிஷம் போதும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு சாண் தூரத்தில் தலையணை மேல் வை. வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடியாக விழும். மின்விசிறியை ஒன்றில் வை. பல்செட், கண்ணாடி, காது மிஷின் மூன்றும் போட்டிருக்கிறாரா என்று முதலில் பார். போட்டோக்களை வாட்ஸப்பில் படமாக அனுப்பாதே, தரம் குறையும். டாக்குமெண்டாக அனுப்பு. உப்புக் காற்றில் பழைய போட்டோ கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காதே, முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடி பளபளக்காமல் சற்றுச் சாய்வாக நின்று படமெடு.

இத்தனையும் உடம்பு இடம் கொடுத்தால்தான். இடுப்பு காந்துகிறவரிடம் திண்ணைக் கதை கேட்க முடியாது. படுக்கையிலேயே இருக்கிறார் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டு: இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடி இவற்றை தினமும் பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. அங்கே எண்ணெய் தேய்க்காதே. வளையத் தலையணையும் வேண்டாம், சுற்றியுள்ள சதையை அது நெரிக்கும். காற்றுப் படுக்கை வாங்கியும் புண் வருவதற்கு மேலே மெத்தென்று போடும் ஜமுக்காளமும் ஒரு காரணம். ஒரு மெல்லிய விரிப்பு போதும், புரட்டுவதையும் நிறுத்தக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போனால் காற்றுப் படுக்கை தட்டையாகிவிடும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு நம் பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது உனக்கே தெரியும். ஒரு நல்ல பஞ்சு மெத்தையைத் தனியாக எடுத்து வை.

சாப்பாட்டை உட்கார வைத்தே கொடு, மோவாய் சற்றுக் கீழே, சின்ன ஸ்பூன், முடித்தபின் அரை மணி நேரம் படுக்க விடாதே. தண்ணீர் குடிக்கும்போது புரையேறி, கஞ்சிக்கு ஏறாவிட்டால் ஆச்சரியப்படாதே. நீர்த்தது வேகமாக இறங்கும், தொண்டை மூடுவதற்குள் வழி தவறிவிடும். சாப்பிட்ட பிறகு குரல் களகளவென்று கேட்டால் டாக்டரிடம் சொல்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உன்னையே யாரென்று கேட்டால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதே. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுவது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, பி.பி. மாத்திரையால் உப்புச்சத்து குறைவது, இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டு. மெதுவாக, மாதக்கணக்கில் வரும் மறதி வேறு. அந்த மறதியில் இறந்துபோன அப்பாவைத் தேடினால், ஒவ்வொரு தடவையும் சாவுச் செய்தி சொல்லாதே. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் சாவு. "அப்பா என்ன கொண்டாருவாரும்மா?" என்று கேள். பதில் வரும், அதையும் பதிவு பண்ணு. சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடு, அந்த நேரத்துப் பதற்றம் பாதி குறையும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை மாத்திரை தருவார்கள், வலி தணிக்கும் சிகிச்சைக்கும் வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வை.

கடைசி நாட்களில் பசி தானாக அடங்கும். திணிக்காதே. நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடை, உதட்டில் கொஞ்சம் நெய் தடவு. மூச்சு விட்டு விட்டு வந்தாலும் காது கேட்கலாம் என்றே எடுத்துக்கொள். அப்போது பதிவு வேண்டாம், போனை அணைத்துவிடு. மொய் நோட்டைப் பக்கத்தில் வைத்து, அவர் சொன்ன பெயர்களை நீ வாசி.

அன்புடன்,
அக்கா