அது புல்லுருவி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆண்டிஸ் மேகக்காடுகள் பற்றிய கட்டுரையில், கிளைகளில் அடர்ந்திருக்கும் பிரோமிலியாடு செடியைப் 'புல்லுருவி' என்று எழுதியிருந்தீர்கள். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். பிரோமிலியாடின் வேர் பட்டையைக் கவ்விப் பிடிப்பதோடு சரி. நீர் குடிப்பது இலை. 'தொற்றுச்செடி' என்பதே சரியான சொல். நம் அன்னாசியும் இதே குடும்பம்தான். ஆனால் அது மண்ணில் வளர்வது.

அங்கே பரவலாக இருக்கும் தில்லாந்சியா காம்ப்ளனேட்டா என்ற பிரோமிலியாடு இனத்தைப் பார்ப்போம். வெனிசுவேலாவிலிருந்து பொலிவியா வரை, ஏறத்தாழ 1,000 முதல் 3,500 மீட்டர் உயரத்தில் வளர்கிறது. அமேசான் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, சரிவிலேயே மேகமாகத் தங்கிவிடும். ஈக்வடாரில் மேற்குச் சரிவும் ஈரம்தான். பெருவில் தெற்கே போகப் போக, கடலின் குளிர்நீரோட்டத்தால் மேற்குச் சரிவு வறண்டுவிடுகிறது. அங்கே இந்தச் செடிக்கு இடமில்லை.

பாசி படிந்த கிளையில், இலையடிகள் ஒன்றையொன்று தழுவிக் குடுவைபோல் நிற்கும். ஓர் இலையை விலக்கினால் தேயிலைச் சாயம்போன்ற நீர், மக்கிய சருகு, நெளியும் புழுக்கள். இலையடியில் நுண்ணிய செதில்கள் நெருங்கியிருக்கும். நனைந்தால் அவை நீரை உள்ளே விடும். காய்ந்தால் மூடிபோல் படிந்து, உள்ளே போனது வெளியேறாமல் காக்கும். சருகிலிருந்து கரையும் சத்தும் அந்த வழியாகவே போகிறது. கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடிபோல் வளையமுள்ள ஆண்டிஸ் கரடி (கண்ணாடிக் கரடி) இந்தச் செடிகளைப் பிய்த்து, வெள்ளையான இலையடியை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை எறிந்துவிடும்.

தில்லாந்சியா குலத்தின் பெரும்பாலான செடிகள் நடுவிலிருந்து ஒரே ஒரு பூக்கதிர் விட்டுப் பிறகு மடியும். இதுவோ இலைக்கக்கங்களிலிருந்து பக்கவாட்டில் பல மெல்லிய கதிர்களைத் தள்ளும். விதை எருக்கம்பஞ்சுபோல் பறந்து ஈரப்பாசியில் ஒட்டும். காட்டை மேய்ச்சலுக்கு வெட்டிவிட்டு நான்கு மரத்தை விட்டுவைத்தால் போதாது: வெயிலும் காற்றும் பாசியை உலர்த்த, வளர்ந்த செடிகள் சில காலம் தாக்குப்பிடிக்கும், நாற்றுகள் பிழைக்காது. மரம் பச்சையாகத்தான் தெரியும்.

இதை மொட்டைமாடியில் வளர்க்கலாம் என்ற உங்கள் கட்டுரைக் குறிப்பும் சமவெளிக்குப் பொருந்தாது. இந்த இனத்துக்கு இரவுக் குளிர் வேண்டும். சென்னையின் மே மாத இரவு 28 டிகிரியில் நின்றால், குடுவையில் தேங்கிய நீர் சூடேறிக் குருத்து அழுகும். நர்சரிகளில் விற்கும் குஸ்மேனியா என்ற வேறொரு பிரோமிலியாடின் கலப்பினங்கள் வெப்பத்தை ஓரளவு தாங்கும். அவற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது. உப்பு படிந்து செதில்கள் அடைபடும். மழைநீரைக் குடுவையில் ஊற்றி, வாரம் ஒருமுறை கவிழ்த்து மாற்றுங்கள். பூஞ்சைக்குச் செம்பு சேர்ந்த போர்டோ கலவை தெளிக்கவே கூடாது. செதில்கள் செம்பையும் உறிஞ்சிக்கொள்ளும், செடி செத்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி