ஆண்டறிக்கை: இரவல் பெட்டி ஊர் சுற்றிய வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, வீட்டில் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நம் சங்கத்தில் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மண்டபத்தில் கல்யாணம் இருந்ததால் ஒன்று தள்ளிப்போனது. இசைத்தட்டு நூலகத்துக்கு ஓர் அலமாரி கூடியிருக்கிறது. கரையான் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே என் அறிக்கையில் பெரும்பகுதி, சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு நாம் ஆரம்பித்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் (ஹெட்போனுக்குச் சிக்னலைப் பெருக்கித் தரும் பெட்டி) இரவல் திட்டத்தைப் பற்றியதுதான். உறுப்பினர்கள் வாயில் அது 'இரவல் பெட்டி' ஆகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் பம்ப்செட் வாங்கப் போனால் ஓட்டிக் காட்டுவார்கள். லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயரை அப்படிப் பார்த்து வாங்க நமக்கு வழியில்லை. விமர்சனங்களைப் படித்து, பணம் கட்டி, சுங்கவரியும் கட்டி, பெட்டியைப் பிரித்த பிறகுதான் அது நம் காதுக்கும் நம் ஹெட்போனுக்கும் ஒத்துவருமா என்பதே தெரிகிறது. வராவிட்டால் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டும். இங்கே இருப்பவர்களில் கையைச் சுட்டுக்கொள்ளாதவர் குறைவு. அதனால்தான் இந்த ஏற்பாடு. வைத்திருப்பவர் கொடுப்பார், இல்லாதவர் பத்து நாள் தன் வீட்டில் வைத்துத் தனக்குப் பிடித்ததைக் கேட்பார், பிறகு அடுத்தவரிடம் ஒப்படைப்பார்.

இந்த ஆண்டு பெட்டியில் மூன்று ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. முதலாவது ஓ2. தன் சொந்தப் பெயரை வெளியிடாமலே இருந்த ஒரு பொறியாளர் 2011-இல் வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று சர்க்யூட்டை இணையத்தில் போட்டது. நம் உறுப்பினர் ஒருவர் சொந்தக் கையால் சால்டர் வைத்தது பெட்டியில் இருக்கிறது. கைக்கு அடக்கமானது, இரண்டு 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். இரண்டாவது பாட்டில்ஹெட் கிராக். அமெரிக்காவிலிருந்து உதிரிபாகங்களாக வந்து இங்கே கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபயர். ஒரு 12ஏயூ7, ஒரு 6080, ஆக இரண்டு வால்வுகள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வகை. மூன்றாவது, நம் தலைவர் பெரிய மனதோடு கொடுத்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். விலை பல லட்சம்; தூக்கினால் இடுப்பு பிடிக்கும். அதன் பெயரை அறிக்கையில் எழுதவில்லை, காரணம் பின்னால் வருகிறது. ஒப்பிட்டுக் கேட்க சென்ஹைசர் ஹெச்டி 650, ஹைஃபைமேன் ஹெச்இ-6 என்ற இரண்டு ஹெட்போன்களும் கூடவே போயின.

பெட்டியோடு ஒரு கோடு போட்ட நோட்டும் போகும். கேட்டவர் தன் அபிப்பிராயத்தை அதில் எழுத வேண்டும். முதல் நான்கு மாதத்துப் பக்கங்களைப் படித்தால் கவியரங்கத்துக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். பாடகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், தம்பூராவின் நாலு கம்பியும் தனித்தனியாகத் தெரிந்தன, இத்தனை நாள் காதில் பஞ்சு வைத்துக் கேட்டிருக்கிறேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எல்லாமே பெரிய ஆம்ப்ளிஃபயரைப் பற்றி. ஓ2-க்குக் கிடைத்தது ஒரே வரி: "பரவாயில்லை." நானும் அதே பாணியில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறேன் என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

உறுத்தல் வந்தது வால்யூமில். பெரிய ஆம்ப்ளிஃபயரின் குமிழை ஒன்பது மணி நிலைக்குத் திருகினாலே வீடு அதிர்கிற மாதிரி கேட்கும். ஓ2-வை அந்த அளவுக்கு யாரும் திருகுவதில்லை. இரண்டில் எது உரக்கக் கேட்கிறதோ அதையே நல்லது என்று காது முடிவுகட்டிவிடும். காய்கறிக் கடையில் தண்ணீர் தெளித்த கீரையைக் கை தானாக எடுப்பது போல. ஆகவே ஐப்பசியில் ஒரு ஞாயிறு, தலைவர் வீட்டு மாடியில் துணி போர்த்திய பரீட்சை ஒன்று வைத்தோம்.

அன்று செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்கிறேன், அடுத்த ஆண்டு யாராவது திரும்பச் செய்யலாம். டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் ஒரே டாக்கிலிருந்து இரண்டு ஆம்ப்ளிஃபயருக்கும் சிக்னல் பிரித்துக் கொடுத்தோம். ஹெட்போனைச் செருகியபடியே, ஒரே சுருதியை ஓடவிட்டு, மல்ட்டிமீட்டரில் வோல்ட்டை அளந்து சமப்படுத்தினோம். 0.1 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டுமென்றால் ஒரு வோல்ட்டுக்கு 12 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் கூடாது. குமிழை மூச்சைப் பிடித்துக்கொண்டு திருக வேண்டியிருந்தது. ரிலே வைத்த மாற்றுப் பெட்டியை ஓ2 செய்த உறுப்பினரே செய்துகொண்டு வந்தார். எது ஓடுகிறது என்பது கேட்பவருக்குத் தெரியாது. ஆளுக்கு 16 முறை சொல்ல வேண்டும். அதில் 12 சரியானால்தான் கணக்கில் எடுப்போம். வெறும் அதிர்ஷ்டத்தில் 12 வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு.

ஹெச்டி 650-இல் ஓ2-வையும் பெரிய ஆம்ப்ளிஃபயரையும் பிரித்துச் சொல்ல முயன்றவர்களில் ஒருவரும் 12-ஐத் தொடவில்லை. எனக்கு 7. அந்த ஆம்ப்ளிஃபயருக்குச் சொந்தக்காரரான தலைவருக்கு 9. அவர் வாய்விட்டுச் சிரித்தார், எல்லோருக்கும் இன்னொரு முறை காபி வந்தது. கணக்கும் இதைத்தான் சொல்கிறது. ஒரு வோல்ட் கொடுத்தால் ஹெச்டி 650 சுமார் 103 டெசிபெல் பாடும். உச்சத்தில் 110 டெசிபெல் வேண்டுமென்றாலும் 2.2 வோல்ட், அதாவது 17 மில்லிவாட் போதும். அந்தச் சுண்டைக்காய் வேலைக்கு ஓ2 தாராளம்.

கிராக் விஷயம் வேறு. அதை வைத்ததும் வந்திருந்த எல்லோருமே சட்டென்று கண்டுபிடித்தார்கள். பலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது. வால்வின் இனிமை என்று நாம் பூசி மெழுகுவதில் ஒரு பகுதிக்கு நோட்டிலேயே கணக்குப் போட முடிந்தது. கிராக்கின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது அது தனக்குள்ளே வைத்திருக்கும் மின் தடை, சுமார் 120 ஓம். ஹெச்டி 650-ஐ 300 ஓம் என்று போட்டிருந்தாலும் எல்லாச் சுருதியிலும் அது 300 அல்ல. கீழே 100 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் 500 ஓமை நெருங்குகிறது. ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் 120 ஓம் தின்றது போக மிச்சம்தான் ஹெட்போனுக்கு. 300 இருக்கும் இடத்தில் நூற்றுக்கு 71 பங்கு போய்ச் சேர்கிறது, 500 இருக்கும் இடத்தில் 81. டெசிபெல்லில் சொன்னால் கீழ்ப்பகுதி ஒரு டெசிபெல் தூக்கலாகிறது. மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) கொஞ்சம் சதை போட்டுக் கேட்பது அதனால்தான். வால்வு தன் பங்குக்குச் சேர்க்கும் ஹார்மானிக்கும், அதாவது மூலச் சுருதியின் மடங்குகளில் வரும் கூடுதல் ஒலியும், உண்டு. இவ்வளவும் தெரிந்த பிறகும் இரவு பத்து மணிக்கு நான் கேட்க விரும்புவது கிராக்கைத்தான். நம் மூத்த உறுப்பினர், அந்தக் கால வால்வு ரேடியோ மெக்கானிக், இதற்கு வேறு காரணம் வைத்திருக்கிறார்: "ரேடியோப் பொட்டியும் இப்படித்தானுங்க, சூடேறுனாத்தான் பாடும்."

பெரிய ஆம்ப்ளிஃபயர் வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹெச்இ-6-ஐச் செருகியதும் அதன் மதிப்பு தெரிந்தது. ஹெச்இ-6 என்பது 50 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல். 110 டெசிபெல்லுக்கு ஏறக்குறைய 450 மில்லிவாட் கேட்கும். ஹெச்டி 650 கேட்பதைப்போல் 27 மடங்கு. கிராக்கில் அது ஊமைக் கச்சேரி. ஓ2-வில் பாட்டு ஓடியது, தனியாவர்த்தனத்தின் உச்சத்தில் மூச்சு வாங்கியது. பெரிய ஆம்ப்ளிஃபயர் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஒரு உறுப்பினர் தன் வீட்டுப் பழைய ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்க முனைகளில் நேராக ஒயர் இழுத்து ஹெச்இ-6-ஐப் பாடவைத்தார். அதுவும் அருமையாகத்தான் இருந்தது. ஆனால் இதை மற்ற ஹெட்போன்களில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். "எந்த ஆம்ப்ளிஃபயர் நல்லது" என்று என்னைத் தொலைபேசியில் கேட்பவர்களை, "முதலில் என்ன ஹெட்போன் வைத்திருக்கிறீர்கள்" என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான். பதில் சொல்லாமல் நழுவுவதாக நினைக்க வேண்டாம்.

'இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்' என்ற பழமொழிக்கும் இந்த ஆண்டு ஓர் உதாரணம் கிடைத்தது. பெரிய ஆம்ப்ளிஃபயரைப் பத்து நாள் கேட்ட ஓர் உறுப்பினர், பதினொன்றாம் நாள் தன்னுடையதை விற்றுவிட்டார். அவரிடம் இருப்பது ஹெச்டி 650. ஐப்பசிப் பரீட்சைக்குப் பிறகு அவர் எனக்கு ஒரு வாரம் போன் பண்ணவில்லை. இப்போது ஓ2 ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்.

இனி ஆடி மாதத்து விபத்து. தலைவரின் ஆம்ப்ளிஃபயர் அமெரிக்காவில் வாங்கியது, 115 வோல்ட். அதனால் நம் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் கூடவே போகும், பெட்டி மூடியில் சிவப்பு எழுத்தில் எழுதியும் இருந்தது. இரவல் வாங்கிய உறுப்பினருக்கு அந்த ஸ்டெப்டவுன் முனகுவது பிடிக்கவில்லை. பாட்டில் கலந்துவிடும் என்று எண்ணி அதை ஓரமாக வைத்துவிட்டு, 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகிவிட்டார். ஃபியூஸ் போனது. அத்தோடு நிறுத்தியிருந்தால் பத்து ரூபாயோடு போயிருக்கும். ஃபியூஸ் போனால் செம்புக் கம்பி சுற்றுவது நம் தாத்தா காலத்துப் பழக்கம், அவர் சுற்றினார். பிறகு புகை. தவறு முழுக்க நம்முடையது, அதனால்தான் செய்த நிறுவனத்தின் பெயரை இதில் இழுக்கவில்லை. அன்றிரவே அவர் தலைவர் வீட்டுக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார் என்பதையும் இந்த அறிக்கையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

எரிந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டுபவரிடம் கொண்டுபோனோம். "இது வளையமால்ல இருக்குதுங்க, நம்ம மெஷின்ல ஏறாதுங்க" என்றார். மறுபடி ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, வைத்துவிட்டுப் போகச் சொன்னார். செகண்டரியை (மின்சாரம் வெளியே போகும் பக்கத்துச் சுற்று) அவிழ்க்கும்போதே சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டார். கருகிய பிரைமரியையும் (மின்சாரம் உள்ளே வரும் பக்கம்) அப்படியே எண்ணினார். தறி நாடாவைப்போல மூங்கில் பத்தை ஒன்றைச் சீவி, அதில் கம்பியைச் சுற்றி, வளையத்துக்குள் நுழைத்து நுழைத்துக் கையாலேயே கட்டினார். பிரைமரிக்கு இரண்டு மடங்கு சுற்று, பாதிக் குறுக்குவெட்டுப் பரப்பில் கம்பி. ஆக இப்போது அது நேராக 230 வோல்ட்டிலேயே ஓடுகிறது, ஸ்டெப்டவுன் தேவையில்லை. வீங்கிப்போன இரண்டு கெப்பாசிட்டர்களைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து தருவித்து மாற்றினோம். "இப்பத்தான் இவன் கோயமுத்தூர்க்காரன் ஆனான்" என்று தலைவர் சொன்னார். ஐப்பசிப் பரீட்சையில் இருந்தது இந்தப் புது டிரான்ஸ்ஃபார்மரோடுதான். கூலியையும் கெப்பாசிட்டர் செலவையும் அந்த உறுப்பினரே கொடுத்துவிட்டார்.

இதன் பிறகு செயற்குழு சில விதிகளைச் சேர்த்திருக்கிறது. ஃபியூஸ் போனால் தொடக்கூடாது, செயலாளருக்குப் போன் செய்ய வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடேறி ஒரு நிமிடம் ஆன பிறகே ஹெட்போனைச் செருக வேண்டும். குமிழ் அப்போது பூஜ்யத்தில் இருக்க வேண்டும். பெரிய ஆம்ப்ளிஃபயரின் நான்கு முள் எக்ஸ்எல்ஆர் முனையில், சாதாரண 6.35 மில்லிமீட்டர் பின்னுக்கு மாற்றும் அடாப்டரைப் போடவே கூடாது. இரண்டு பக்க மைனஸும் ஒன்றாகச் சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும். வெளியூர் உறுப்பினர்களுக்கு அனுப்பும்போது வால்வுகளைக் கழற்றித் தனி டப்பாவில் வைக்க வேண்டும். பத்து நாள் என்றால் பத்து நாள். மார்கழி முழுக்கப் பெட்டியைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை, அவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு சின்ன விஷயம். கிராக்கில் இருந்த 12ஏயூ7 தை மாதத்துக்குள் எங்கோ மாறிவிட்டது. இப்போது அதில் இருப்பது வேறு, பழைய காலத்துச் சரக்கு. மூத்த மெக்கானிக் பார்த்துவிட்டு, முன்பு இருந்ததைவிட இது நல்லது என்கிறார். வைத்தவர் தெரிந்து வைத்தாரா, கவனப்பிசகா என்று தெரியவில்லை. அவருடையது அவருக்கு வேண்டுமென்றால் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகப் பார்க்கலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

வரும் ஆண்டில் ஸ்டாக்ஸ் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனையும் அதன் தனி ஆம்ப்ளிஃபயரையும் பெட்டியில் சேர்க்க வேண்டும் என்று மூன்று பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுப்பதற்கு ஓர் உறுப்பினர் தயாராகவும் இருக்கிறார். ஆனால் அதில் ஹெட்போனின் சவ்வுக்குக் கொடுக்கும் பயாஸ் மின்னழுத்தம் மட்டுமே 580 வோல்ட். ஆடி மாதத்தை நினைத்துப் பார்த்து, அதை ஊர் சுற்ற விடாமல், மாதக் கூட்டத்தில் மட்டும் வைத்துக் கேட்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இதன் மேல் பொதுக்குழு விவாதித்து முடிவெடுக்கட்டும்.

ஆம்ப்ளிஃபயர்களைத் தந்தவர்களுக்கும், மாடியையும் காபியையும் தந்த தலைவர் வீட்டாருக்கும், காயில் கட்டித் தந்த பீளமேட்டு அண்ணனுக்கும் சங்கத்தின் நன்றி. பெட்டி இப்போது மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுப்பவர்கள் முன்பணத்தைப் பொருளாளரிடம் கட்டிவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்