அஞ்சு வார்த்தைக்கு ஒரே அர்த்தம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சீன மொழி பேசுறவங்களுக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன். அவங்க மனப்பாடம் பண்ற லிஸ்ட்டுல ஹட், கேபின், காட்டேஜ், ஷேக் (shack), ஷெட்னு அஞ்சுக்கும் நேரா 'ஷியாவ்வூ'னு ஒரே சீன வார்த்தை போட்டிருக்கு, அதாவது குட்டி வீடு, அவ்ளோதான். இந்த மாதிரி லிஸ்ட்ட நம்பி பாடம் நடத்துற டீச்சர்ங்க உங்க வாசகர்கள்லயும் இருப்பாங்க, அதான் எழுதுறேன்.

சைஸ் இங்க விஷயமே இல்லங்க. அதுல யாராவது குடியிருக்காங்களா, எதுக்காகக் கட்டுனது, சொல்றவருக்கு அது மேல மதிப்பு இருக்கா, இதுதான் பாக்கணும். ஒரு பொண்ணு தாத்தா வீட்ட பத்தி அவ்ளோ ஆசையா எழுதியிருந்தா, ஓட்டுக் கூரை, வாசல்ல பூச்செடி, எல்லாம் சொல்லிட்டு கடைசில அத 'ஷேக்'னு எழுதிட்டா. இங்கிலீஷ்காரர் படிச்சா தகரமும் பலகையும் வச்சு அவசரத்துக்கு அடிச்ச, இப்பவோ அப்பவோ விழப்போற ஒண்ணுதான் கண்ணு முன்னாடி வரும். அவ சொல்ல வந்தது காட்டேஜ். லிஸ்ட் அப்படி இருந்தா பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க?

ஷெட்டுல ஆளுங்க குடியிருக்க மாட்டாங்க, மம்முட்டி, சைக்கிள் போட்டு வைக்கிற எடம். ஹட்னா பெரும்பாலும் ஒரே ரூம், மலை ஏறுறவங்க ராத்திரி தங்குறதும் ஹட்தான். கேபின் கொஞ்சம் குழப்பும், ஏன்னா காட்டுக்குள்ள இருக்குற மர வீடும் கேபின், விமானத்துல நாம உக்கார்ற எடமும் கேபின், சீனத்துல விமானத்துக்கு மட்டும் 'ஜீட்சாங்'னு தனி வார்த்தை இருக்கு. லிங்கன் 1809ல கென்டக்கில பொறந்தது மரக்கட்டை அடுக்கிக் கட்டுன கேபின்ல, அமெரிக்காக்காரங்க அத பெருமையா சொல்லுவாங்க, அங்க போய் ஷேக்னு சொன்னா சங்கடப்படுவாங்க.

காட்டேஜும் ஊருக்கு ஊர் மாறும், இங்கிலாந்துல கிராமத்துப் பழைய வீடு, கனடாவுல ஏரிக்கரையில லீவுக்குப் போற வீடு, அமெரிக்காவுல நியூபோர்ட்ங்குற கடற்கரை ஊர்ல இருக்குற 70 ரூம் மாளிகையக்கூட அந்தக் காலப் பணக்காரங்க காட்டேஜ்னுதான் சொன்னாங்க. சீனப் பிள்ளைங்களுக்குப் புரிய வைக்க நல்ல உதாரணம் சீனாவுல செங்டு நகரத்துலயே இருக்கு. கவிஞர் தூ ஃபூ 760ல கூரை வேய்ஞ்சு குடியிருந்த எடம், காத்துல அந்தக் கூரை பிச்சுக்கிட்டுப் போனத பத்தி பாட்டே எழுதியிருக்கார். ஹட்னு சொல்லக்கூடிய அளவுதான் அது, ஆனா இங்கிலீஷ் பேர்ல காட்டேஜ்னுதான் போட்டிருக்காங்க, கவிஞருக்குக் குடுக்குற மரியாதை அது.

லிஸ்ட் போடுறவங்க ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு படமும் 'இதுல யார் இருப்பாங்க'ன்னு ஒரு வரியும் சேர்க்கணும். உங்க மாணவர் பக்கத்துலயும் வார்த்தை பாடம் வர்றப்போ இப்படிப் போட்டா ரொம்ப நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு இங்கிலீஷ் டீச்சர்