படைவீரர்களுக்குத் தங்கிப் பெறும் மனநலச் சிகிச்சை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் படைவீரர்களின் உடல்நலம் பற்றி அக்கறையோடு எழுதும் தங்கள் இதழ், அவர்களுடைய மனநலத்தையும் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்திய அமைதிப்படையோடு 1987-இல் இலங்கையின் யாழ்ப்பாணம் சென்ற என் அண்ணன், 1990-இல் விடுப்பில் ஊருக்கு வந்தார். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் முதல் வெடி வெடித்தவுடன் எங்கள் அம்மாவைத் தரையில் தள்ளி, அவர்மேல் கவிழ்ந்து காத்தபடி கிடந்தார். காத்துக் கருப்பு என்று நாங்கள் தாயத்துக் கட்டினோம். அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்று தெரிய எங்களுக்கு இருபது ஆண்டுகள் ஆயின. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டில் அந்த நோய் 1980-லேயே இடம்பெற்றிருந்தது.

முன்னாள் படைவீரர்களுக்காக 2003-இல் தொடங்கப்பட்ட இ.சி.எச்.எஸ். என்னும் மருத்துவத் திட்டத்தால் மாத்திரைகள் கிடைக்கின்றன. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் மாதம் ஒருமுறை சில நிமிடங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு, அதே வீட்டுக்கும் ராணுவக் கேன்டீன் மதுவுக்கும் தூக்கமற்ற இரவுகளுக்கும் திரும்புபவருக்கு மாத்திரை மட்டும் போதுவதில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை நடத்தும் உறைவிடச் சிகிச்சையில் பல வாரங்கள் தங்கவைக்கிறார்கள். அஞ்சி ஒதுக்கிய நினைவை மருத்துவ உளவியலாளரின் துணையோடு சிறிது சிறிதாக எதிர்கொள்ளவும், "நான்தான் அவனைச் சாகவிட்டேன்" என்பது போன்ற எண்ணங்களை ஆராய்ந்து பார்க்கவும் அங்கே பயிற்சி தருகிறார்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதற்கும் சேர்த்தே சிகிச்சை உண்டு. குடும்பத்தாரிடம் முப்பது ஆண்டுகள் வாய் திறக்காதவர், தம்மைப் போன்ற பட்டாளத்துக்காரர்கள் நடுவே பேசத் தொடங்குவார் என்பதை நான் நம்புகிறேன். அண்ணன் இன்றுவரை யாழ்ப்பாணத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசியது தம் பழைய படைத்தோழர் ஒருவரிடம் மட்டுமே.

வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் கம்மவான்பேட்டை எங்கள் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மாநில எல்லைக்கு அப்பால், ஆந்திரத்தின் சித்தூர், பலமநேர், குப்பம் பகுதிகளிலும் தமிழ் பேசும் முன்னாள் வீரர்கள் வாழ்கிறார்கள். பேச்சே மருந்தாகும் இச்சிகிச்சையை அரைகுறை இந்தியில் பெற முடியாது. ஆகவே தமிழும் தெலுங்கும் அறிந்த உளவியலாளர்களோடு, இரு மாநிலத்தவரையும் சேர்த்துக்கொள்ளும் உறைவிடப் பிரிவு ஒன்றை வேலூரில் அமைக்க வேண்டும். பூட்டிய வார்டாக இல்லாமல், வாரம் ஒருநாள் குடும்பத்தாரும் வந்து நோயைப் புரிந்துகொள்ளும் இடமாக அது இருக்க வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் கவனத்துக்கு இதைத் தாங்கள் கொண்டுசெல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவரின் தம்பி,
குடியாத்தம்.