அம்மாவிடம் 'மறந்துடு' என்று சொல்லாதே தம்பி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூர் தேக்காவில் டீ குடிக்கும்போது, புயலில் போன தென்னைகளைப் பற்றி நீ அம்மாவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "இன்னும் அதையே நினைச்சுக்கிட்டிருந்தா எப்படி, மறந்துட்டு ஆகவேண்டியதைப் பாரும்மா" என்றாய். திரும்பி வரும்போது லாரியில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது, இங்கே டார்மிட்டரியில் லைன் கிடைக்காமல் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, ஞாபகமிருக்கிறதா? வீட்டுக்கு மறுபடி ஓடு போட்டுக்கொள்ளலாம். தென்னை அப்படியா? நாட்டு ரகம் காய்க்கவே ஆறேழு வருஷம். அதைத் தென்னம்பிள்ளை என்றுதானே சொல்கிறோம். அறுபது பிள்ளையை ஒரே ராத்திரியில் பறிகொடுத்தவரிடம் போய் மறந்துடு என்கிறாய்.

நவம்பர் வந்தால் தூக்கம் போவதும், தகரம் படபடத்தால் எழுந்து வாசலுக்கு வருவதும் பைத்தியம் இல்லை. 2004 சுனாமியில் எங்கள் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதற்கப்புறம் பல வருஷம், டிசம்பர் 26 நெருங்கினாலே என் சித்தி கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவாள். பிள்ளைகளோ மணலில் வீடு கட்டி, "அலை வருது" என்று கத்திக்கொண்டே காலால் கலைத்து விளையாடும். நாங்கள் பதறி அதட்டுவோம். மன ஆறுதல் சொல்லப் பயிற்சி எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்த ஒரு அக்காதான், "விடுங்க, அதுகளுக்குச் சொல்லத் தெரிஞ்ச விதம் அதுதான்" என்றார்.

அதற்காக அம்மாவைத் துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மன முதலுதவிக் கையேடும் சொல்கிறது. புயலடித்த கையோடு உங்கள் தெருவே ஒரே அடுப்பில் பொங்கித் தின்றதே, அப்போது அம்மா தெம்பாக இருந்தார் என்று நீதான் சொன்னாய். அவரவர் வீட்டுக்குத் திரும்பி, நிவாரணத்தில் யாருக்குக் கூட, யாருக்குக் குறைச்சல் என்று பேச்சு கிளம்பிய பிறகுதானே முடங்கினார்? பல ஊர்களில் அப்படித்தான், கூட்டம் கலைந்த பிறகுதான் வலிக்க ஆரம்பிக்கும்.

அப்போது ஆளுக்கு ஐம்பது சிங்கப்பூர் வெள்ளி போட்டு அனுப்பினோம், சரி. இப்போது பணப் பேச்சை விட்டுவிட்டு, அப்புறம் வைத்த பிள்ளைகளில் எது பாளை விட்டது என்று கேள். பக்கத்து வீட்டு அத்தை வந்து போகிறாரா என்றும் கேள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாதே, 14416-க்குப் போன் போடச் சொல், டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள்.

இந்தச் சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம் இல்லை. நீ கூப்பிடும்போது நானும் அம்மாவிடம் ரெண்டு வார்த்தை பேசுகிறேன்.

அண்ணன்