வழிகாட்டி நாய்கள்: பகிரப்பட வேண்டியது பயிற்றுநரின் திறமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். வசதி மிகுந்த பள்ளிகள், பயிற்சி முடித்த நாய்களைப் பள்ளி இல்லாத நாடுகளுக்கு அனுப்புவதே சர்வதேச ஒத்துழைப்பின் சிறந்த வடிவம் என்று கட்டுரையாளர் கருதுகிறார். அந்த உதவிக்குப் பின்னால் உள்ள நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும் இத்துறை வளர்ந்த விதம் வேறொன்றைக் காட்டுகிறது. நாடுகள் முதலில் பகிர்ந்துகொள்ள வேண்டியது பயிற்றுநரின் திறமையைத்தான். நாய் அதற்குப் பிறகே.

முதல் உலகப் போரில் பார்வை இழந்த படைவீரர்களுக்காக, 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் மருத்துவர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் தொடங்கிய பள்ளியில்தான் நாயை வழிகாட்டியாகப் பழக்கும் முறை ஒழுங்கான பயிற்சியாக உருப்பெற்றது. பின்னர் பாட்ஸ்டாமில் இயங்கிய பள்ளியைக் கண்டு வியந்தவர், சுவிட்சர்லாந்தில் நாய்ப் பயிற்சி மையம் நடத்திவந்த அமெரிக்கப் பெண்மணி டாரத்தி யூஸ்டிஸ். அவர் 1927-இல் அமெரிக்க வார இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையைக் கேட்டறிந்த பார்வையற்ற இளைஞர் மாரிஸ் ஃபிராங்க், மறு ஆண்டே சுவிட்சர்லாந்து சென்று ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாயுடன் பயிற்சி பெற்றுத் திரும்பினார். தனக்கு நாய் கிடைத்ததோடு அவர் நிறைவடைந்துவிடவில்லை. யூஸ்டிஸுடன் சேர்ந்து 1929-இல் அமெரிக்காவிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிரிட்டனிலும் இதேதான் நடந்தது. 1931-இல் வாலஸி நகரில் பார்வையற்றவர்களில் முதல் நால்வர் நாய்களுடன் பயிற்சி முடித்தது, யூஸ்டிஸ் அனுப்பிவைத்த பயிற்றுநரால்தான். அவர் தற்காலிகமாக வந்தவர். 1933-இல் நிகோலாய் லியாகோஃப் என்ற ரஷ்யர் நிரந்தரப் பயிற்றுநராக வந்து தங்கிய பிறகே அங்கே பணி நிலைபெற்றது. எல்லை கடந்து சென்ற பயிற்றுநர் ஒருவரால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நடைமுறைக் காரணங்களும் உண்டு. வழிகாட்டி நாய் தனக்குத் தெரிந்த இடத்துக்குத் தானே அழைத்துச் செல்வதில்லை. எங்கே போக வேண்டும், எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும் என்பதை அறிந்து கட்டளையிடுபவர் பார்வையற்றவரே. தடைகளைத் தவிர்ப்பதும், படிகளிலும் சாலை விளிம்பிலும் நிற்பதும், வாகனம் வரும்போது 'முன்னே போ' என்ற கட்டளைக்கே கீழ்ப்படியாமல் இருப்பதும் நாயின் வேலை. இந்தக் கீழ்ப்படியாமையே பயிற்சியின் மிகக் கடினமான பகுதி. இடப்புறம் வாகனம் செல்லும் நாட்டில் பழகிய மனிதரும் நாயும் வலப்புறம் செல்லும் நாட்டில் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நடைபாதையே இல்லாத சாலை, தெருநாய்கள் குறுக்கிடும் சாலை ஆகியவற்றுக்கெல்லாம் அந்தந்த இடத்திலேயே பயிற்சி தேவை. நபரின் நடை வேகத்துக்கும் உடல்வாகுக்கும் இயல்புக்கும் ஏற்ற நாயைத் தேர்ந்து சேர்ப்பதும், சிக்கல் எழும்போது வீடு தேடிச் சென்று சரிசெய்வதும் பயிற்றுநரின் பொறுப்பு. நாய் பணிபுரியக்கூடியது ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்தான். அது ஓய்வுபெறும்போது உள்நாட்டில் பயிற்றுநர் இல்லையென்றால், அதை நம்பிப் பழகிய மனிதர் மீண்டும் வெளிநாட்டின் கருணைக்குக் காத்திருக்க நேரும். நாயைப் பரிசளிப்பவர்கள், முதல் நாய் ஓய்வுபெற்ற பிறகு தேவைப்படும் இந்த இரண்டாவது நாயைப் பற்றியும் யோசிக்க வேண்டுமென மன்றாடிக் கேட்கிறேன்.

பயிற்றுநர் சில வார வகுப்பில் உருவாகிவிடுவதில்லை. மூத்தவர் ஒருவரின் கீழ், பல நாய்களோடும் பலதரப்பட்ட பார்வையற்றவர்களோடும் ஆண்டுக்கணக்கில் பணியாற்ற வேண்டும். புதிதாகத் தொடங்கும் பள்ளியில் அந்த மூத்தவர் இருக்கமாட்டார். இந்த இடைவெளியைத்தான் 1989-இல் உருவான சர்வதேச வழிகாட்டி நாய்கள் கூட்டமைப்பு நிரப்ப வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பள்ளிகள் உறுப்பினராக உள்ள இந்த அமைப்பு, பயிற்சிக்கும் நாய்களின் நலத்துக்கும் தரவிதிகளை வகுத்து, மதிப்பீட்டாளர்களை நேரில் அனுப்பிப் பார்த்து அங்கீகாரம் வழங்குகிறது. இது மிக மதிப்புமிக்க பணி. ஆனால் தரத்தைச் சோதிப்பதோடு நில்லாமல், அந்தத் தரத்தை எட்டும் பயிற்றுநர்களை உருவாக்குவதையும் பெரிய பள்ளிகள் தங்கள் கடமையாக ஏற்க வேண்டும். இளம் பயிற்றுநர்களை ஆண்டுக்கணக்கில் தங்கவைத்துக் கற்பிப்பதும், தம் மூத்தவர்களைப் புதிய பள்ளிகளுக்கு நீண்ட காலம் அனுப்புவதும் செலவு மிக்கவைதாம். ஆனால் அந்தச் செலவின் பயன்தான் நிலைக்கும்.

நாய்களை எல்லை கடந்து பகிர்வது தேவையே இல்லை என நான் சொல்லவில்லை. இனவிருத்தியில் அது இன்றியமையாதது. சில நாய்களை மட்டும் வைத்துத் தலைமுறை தலைமுறையாக இனம்பெருக்கும் பள்ளியில் நெருங்கிய உறவுக் கலப்பு கூடி, இடுப்பு மூட்டுக் கோளாறும் விழித்திரையைச் சிதைக்கும் மரபுநோயும் தலைதூக்கும் அபாயம் உண்டு. ஆகவேதான் பள்ளிகள் லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் குட்டிகளையும் உறையவைத்த விந்தணுவையும் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. அத்துடன் தேர்ச்சி பெறாத நாய்களின் பதிவுகளும் பரிமாறப்பட வேண்டும். உரத்த ஓசைக்கு அஞ்சியதால் விலக்கப்பட்ட ஒரு நாயின் பதிவு, அதன் உடன்பிறந்த நாயை இனவிருத்திக்குத் தேர்ந்தெடுக்கும் இன்னொரு பள்ளிக்குப் பெரிதும் உதவும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் 32-ஆவது பிரிவு, நாடுகளுக்கிடையேயான ஒத்துழைப்பைப் பற்றிப் பேசும்போது, திறன் வளர்ப்பையும் அனுபவங்களைப் பகிர்வதையும் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. ஆகவே நான் கேட்பது புதிய சலுகை அல்ல. அரசுகள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கடமை.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய உதவித் திட்டங்களைப் பற்றி எழுதும்போது, எத்தனை நாய்கள் அனுப்பப்பட்டன என்பதோடு, எத்தனை உள்நாட்டுப் பயிற்றுநர்கள் உருவாக்கப்பட்டனர், அவர்களுக்கான செலவை எத்தனை ஆண்டுகளுக்கு யார் ஏற்றுள்ளனர் என்பதையும் தயவுசெய்து கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்